எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் நால்வர் டஞ்சன்களுக்கு டேமேஜ் கியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேமுக்குள் உங்கள் வீட்டில் வைத்திருக்கும் டிரையல் டம்மியை (அடித்துப் பழகும் பொம்மை) அடித்தால் நல்ல எண் வருகிறது, ஆனால் குரூப் ஃபைண்டர் (ஆள் சேர்த்துத் தரும் வசதி) வழியாக வெட்டரன் (கடினமான) டஞ்சனுக்குள் போனால் அதில் பாதிகூட வருவதில்லை, ஆகவே கிளவுட்ரெஸ்ட் என்ற 12 பேர் டிரையலில் விழும் ரெலெக்வென் செட்டை (சேர்த்து அணிந்தால் கூடுதல் பலன் தரும் கியர்த் தொகுப்பு)த் தேடிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் போக வேண்டாம் என்பதே என் பதில். உங்களை ஏமாற்றுவது அந்த டம்மிதான். அந்த இரும்பு ஆட்ரோனாக்குக்குச் சுமார் 2.1 கோடி ஹெல்த் உண்டு. அது நகராது, சாகாது, அதோடு 12 பேர் கொண்ட டிரையல் குழு உங்களுக்குத் தரக்கூடிய பஃப்களையும் (பலம் கூட்டுபவை) எதிரியின் மேல் போடக்கூடிய டீபஃப்களையும் (பலம் குறைப்பவை) தானே தந்துவிடுகிறது. டஞ்சனில் இருப்பதோ ஒரு டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குபவர்), ஒரு ஹீலர், டேமேஜ் அடிக்க இரண்டு பேர். முன்பின் அறியாத நால்வர் சேரும்போது அந்தப் பஃப்களில் பெரும்பாலானவை இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது பெனட்ரேஷன், அதாவது எதிரியின் ரெசிஸ்டன்ஸை (தற்காப்பை) உங்கள் அடி துளைக்கும் அளவு. டஞ்சன் பாஸ்களின் ரெசிஸ்டன்ஸ் 18,200. ஒவ்வொரு 660 ரெசிஸ்டன்ஸுக்கும் உங்கள் அடியில் ஒரு சதவீதம் குறைகிறது என்பதால், எதையும் துளைக்காமல் அடித்தால் ஏறத்தாழ 27 சதவீதத்துக்கும் மேல் வீணாகிறது. டேங்க் பியர்ஸ் ஆர்மர் என்ற திறனை ஒழுங்காகப் போட்டால், ரெசிஸ்டன்ஸைக் குறைக்கும் டீபஃப்களான மேஜர் பிரீச் 5,948-உம் மைனர் பிரீச் 2,974-உம் சேர்ந்து 8,922 கழிந்துவிடும். நீங்கள் ஐந்து லைட் ஆர்மர் அணிந்திருந்தால், துண்டுக்கு 939 வீதம் 4,695 கிடைக்கும். க்ராக் மான்ஸ்டர் செட்டில் ஒரே ஒரு துண்டை அணிந்தால் இன்னொரு 1,487 வரும். அப்போது மிச்சம் 3,096 மட்டுமே, அதாவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவான இழப்பு. அதே கியரோடு, டேங்க் என்று பெயர் போட்டுக்கொண்டு வில்லோடு வந்து நிற்கும் ஒருவரோடு (இப்படிப்பட்டவர்களை ராண்டம் டஞ்சனில் வாரத்துக்கு இருவரையாவது பார்க்கிறேன்) உள்ளே போனால் மிச்சம் 12,018. இழப்பு 18 சதவீதம். கியரில் எதையும் மாற்றாமலே இந்த வித்தியாசம் வருகிறது. ஆகவே டிஸ்ட்ரக்ஷன் ஸ்டாஃப் பயன்படுத்துபவராக இருந்தால், வீக்னெஸ் டு எலிமெண்ட்ஸ் என்ற திறனை ஒரு பாரில் (ஓர் ஆயுதமும் அதோடு வரும் திறன்களும் உள்ள வரிசை) வைத்துக்கொண்டு, டேங்க் பிரீச் போடவில்லை என்று தெரிந்ததும் மேஜர் பிரீச்சை நீங்களே போட்டுவிடுங்கள். எந்தப் புதுச் செட்டும் இவ்வளவு மலிவாக இவ்வளவு டேமேஜைத் தராது. ஒன்று மட்டும்: 18,200-ஐத் தாண்டிய பெனட்ரேஷன் முழுவதும் வீண். வெளியுலக எதிரிகளுக்கு 9,100தான் என்பதால், அங்கே அடித்துப் பார்த்துவிட்டு ஒரு செட்டைப் பற்றி முடிவு கட்டாதீர்கள்.

ரெலெக்வென் ஏன் பொருந்தாது என்பதற்குக் காரணம் நேரம். அந்தச் செட்டின் பலன் ஒவ்வொரு லைட் அட்டாக்குக்கும் (சாதாரண அடி) ஒரு ஸ்டாக் (அடுக்கு) வீதம் பத்து வரை ஏறுகிறது. ஐந்து விநாடி அடிக்காவிட்டால் இறங்கிவிடுகிறது. டஞ்சனில் வழியெங்கும் நிற்கும் மாப் (சாதாரண எதிரிகள்) கூட்டங்கள், சுமாரான குழு கையில் சிக்கினாலே பத்துப் பதினைந்து விநாடிகளில் முடிந்துபோகின்றன. பத்தாவது ஸ்டாக் ஏறும்போது அடிக்க ஆள் இருக்காது. இங்கே ஒரு தயக்கமும் இல்லாமல் எப்போதும் வேலை செய்யும் செட்கள்தான் பலன் தரும். டெஷான் பகுதியில் கிடைக்கும் மதர்ஸ் சாரோ கிரிட்டிகல் (கூடுதல் பலத்தோடு விழும் அடி) வாய்ப்பைக் கூட்டுகிறது. நண்பர் ஒருவரிடம் கேட்டுச் செய்துகொள்ளக்கூடிய ஆர்டர்ஸ் ராத், கிரிட்டிகல் டேமேஜையும் சேர்த்துக் கூட்டுகிறது. இந்த இரண்டையும் வைத்தே டிஎல்சி (தனியாக வாங்கும் கூடுதல்) டஞ்சன்கள் பலவற்றை வெட்டரனில் முடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஆசை வந்தால், ஃபால்க்ரீத் ஹோல்டில் விழும் பில்லர் ஆஃப் நிர்ன் கூட்டத்தை அடிக்க நல்ல செட்.

செட்டைவிட அதை அணியும் விதத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். நானும் பல மாதங்கள் தவறினேன். மதர்ஸ் சாரோவின் மூன்று நகைகளும் ஒரு ஸ்டாஃபும் என்னிடம் இருந்தன. 2018-இலிருந்து இருகை ஆயுதமும் ஸ்டாஃபும் இரண்டு துண்டாகக் கணக்கிடப்படுவதால், முன் பாரில் முழு போனஸுக்குத் தேவையான ஐந்து துண்டுகள் நிறைந்துவிட்டன. பின் பாரிலோ எங்கோ கிடைத்த வேறொரு ஸ்டாஃப், அங்கே மூன்றுதான். பாரை மாற்றிய ஒவ்வொரு முறையும் போனஸ் போய்விட்டு வந்தது என்பதை, கேரக்டர் விண்டோவில் கிரிட்டிகல் எண் இறங்கி நிற்பதைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். எப்போதும் தேவைப்படும் செட்டை உடம்பிலும் நகைகளிலும் வையுங்கள். ஒரு பாரில் மட்டும் இருந்தால் போதும் என்கிற செட்டை மட்டும் ஆயுதத்தில் வையுங்கள்.

டிரெய்ட் (ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள கூடுதல் பண்பு) விஷயத்தில் நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை: ஆர்மருக்கு டிவைன்ஸ், நகைக்கு பிளட்தர்ஸ்டி. கியரைக் கோல்டாக்கும் (மிக உயர்ந்த தரத்துக்கு ஏற்றும்) பொருள் குறைவாக இருந்தால் முன் பார் ஆயுதத்துக்கு முதலில் செலவிடுங்கள், ஆர்மர் அதற்கு ஒரு படி கீழான பர்ப்பிளிலேயே கிடக்கட்டும். டிரெய்ட் மாற்ற 50 டிரான்ஸ்மியூட் கிரிஸ்டல் ஆகும் என்பதால், தவறான டிரெய்ட்டில் விழுந்த துண்டை அவசரப்பட்டு மாற்றாமல் இன்னும் நான்கு முறை ஓடிப் பாருங்கள். ஒருமுறை கிடைத்த துண்டு 2020-இல் வந்த ஸ்டிக்கர் புக்கில் (கிடைத்த செட் துண்டுகளின் பட்டியல்) பதிந்துவிடும், பிறகு விரும்பிய டிரெய்ட்டில் திரும்ப உருவாக்கலாம்.

கடைசியாக, நீங்கள் இப்போது அணிந்திருப்பதாகச் சொன்ன ரிங் ஆஃப் தி பேல் ஆர்டரைக் கழற்றிவிடுங்கள். தனியாக ஆடும்போது அது உயிர்காக்கும் மோதிரம்தான். ஆனால் அதை அணிந்திருக்கும் வரை மற்றவர் தரும் ஹீல் உங்களுக்கு ஏறாது. அது திருப்பித் தரும் ஹெல்த்தும் குழுவில் ஆள் கூடக் கூடக் குறைகிறது. நீங்கள் ஏன் விழுந்துகொண்டே இருக்கிறீர்கள் என்று புரியாமல் ஹீலர் தன் மேஜிக்காவையெல்லாம் உங்கள் மேல் கொட்டிக்கொண்டிருப்பார்.