கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் அந்த எஸ்டிமேட்டைப் படியுங்கள்

கேள்வி: வயது 34, திருப்பூரில் வேலை, கைக்கு வருவது 48,000 ரூபாய். 15 வருடமாகச் சர்க்கரை. விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறதாம். மனைவிக்கு 31, அவருக்குக் குறை எதுவும் இல்லை. விரையில் ஊசி வைத்து விந்தணு எடுத்து இக்ஸி (ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) செய்ய 2.2 லட்சம் கேட்கிறார்கள். 4 லட்சம் பர்சனல் லோன் போடலாமா? எஃப்டி 3 லட்சம், நகை 12 பவுன் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 14 சதவீத வட்டியில் 4 வருடத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 10,930 ரூபாய் போகும், வட்டி மட்டுமே ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி வரும்.

உங்கள் பிரச்சினை வழி மாறிப் போவதுதான். சர்க்கரையால் நரம்பு கெட்டு, சிறுநீர்ப்பை வாய் மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் இருக்கிறது. இமிப்ரமின் போன்ற மாத்திரையில் சிலருக்குச் சரியாகும். அப்புறம், சோடியம் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துவிட்டு, உச்சத்துக்குப் பின் கழிக்கும் சிறுநீரிலிருந்தே விந்தணுவைப் பிரித்தெடுக்கலாம். போதுமான எண்ணிக்கை கிடைத்தால் ஐயுஐ, அதாவது விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது, செய்து பார்க்கலாம், செலவு ஆயிரங்களில் முடியும். குறைவாகக் கிடைத்தாலும் அதையே இக்ஸிக்கு வைத்துக்கொள்ளலாமே, நேராக விரைக்கு ஏன் போகிறோம் என்று டாக்டரிடம் கேளுங்கள். காரணம் இருக்கலாம், ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். (மனைவிக்கு 38 என்றால் இவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்க மாட்டேன்.)

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டில் 2.2 லட்சத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஹார்மோன் ஊசி, உறைய வைத்தல் தனி' என்று இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த இரண்டுக்கும் ரூபாய் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். மிஞ்சும் விந்தணுவைக் கட்டாயம் உறைய வைத்துவிடுங்கள், வருடக் கட்டணம் விரையில் இன்னொரு முறை ஊசி வைக்கும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சொந்த மெடிக்கல் பாலிசியை நம்ப வேண்டாம், பெரும்பாலானவற்றில் குழந்தையின்மை சிகிச்சை விலக்குப் பட்டியலில், 'எக்ஸ்க்ல் 17' என்ற எண்ணில் இருக்கும். கம்பெனி குரூப் பாலிசி இருந்தால் எச்ஆரிடம் கேளுங்கள், சில கம்பெனிகள் சேர்த்திருக்கின்றன.

இக்ஸி வரை போனால், முதல் முயற்சியிலேயே கரு நிற்கும் என்று கணக்குப் போடாதீர்கள். முதலாவதுக்கு எஃப்டியில் 2 லட்சம், மீதி ஒரு லட்சத்தைத் தொடக் கூடாது. போதாததற்கும் இரண்டாவதுக்கும் வங்கியில் நகைக்கடன். அதற்கு மனைவி சம்மதிக்க வேண்டும், நகை அவருடையது.