எக்செல் கைவந்த கணக்காளர் தனித்தொழில் தொடங்கினால்: கேள்வி பதில்

கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டு, நிறுவனங்களின் எக்செல் வேலைகளைத் தானாக ஓடும்படி அமைத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன். இதே வழியில் வர நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

கேள்வி: சார், அக்கவுன்ட்ஸில் பல வருட அனுபவம். எக்செல் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலான மேக்ரோவும் நன்றாகவே எழுதுவேன். முதல் கிளையன்ட் எங்கிருந்து வருவார் என்றுதான் தெரியவில்லை.

பதில்: உங்கள் வேலையை ஏற்கெனவே பார்த்தவர்களிடமிருந்துதான் வருவார். பழைய மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். உடன் உட்கார்ந்தவர் எங்கேயோ ஃபைனான்ஸ் பொறுப்புக்கு வந்திருப்பார். அவர்களிடம் போய் "ஆட்டோமேஷன் செய்து தருகிறேன்" என்றால் "அப்படியா, நல்லது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "மாதக் கணக்கை முடிக்கும்போது எந்த ஷீட் உங்களை ராத்திரி உட்கார வைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், கொட்டித் தீர்ப்பார்கள். நம் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் பேங்க் ரீகன்சிலியேஷன், வரவேண்டிய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் ஏஜிங் ரிப்போர்ட், கிளைகளிலிருந்து வரும் ஃபைல்களை ஒன்றாக்குவது, பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்து முடித்துக் கொடுங்கள். இவை கணக்காளருக்கு மட்டுமே புரிகிற வலிகள். வெறும் புரோகிராமருக்கு டெபிட் எது கிரெடிட் எது என்பதிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

கேள்வி: விபிஏ, பவர் குவெரி, பைத்தான். எதில் ஆழமாகப் போகலாம்?

பதில்: கிளையன்ட் கையில் என்ன இருக்கிறதோ அதில்தான் தொடங்க முடியும். என் சாய்வு பவர் குவெரி பக்கம். ஃபைல்களிலிருந்து தரவை எடுத்துச் சீராக்கும் கருவி அது, எக்செல் 2016 முதல் உள்ளேயே வருகிறது. கிளை ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகி வந்து நிற்கும். அதைவிட முக்கியம், என்னென்ன செய்திருக்கிறது என்பது படிப்படியாகப் பக்கத்திலேயே பட்டியலாகத் தெரியும். நீங்கள் கிளம்பிய பிறகும் அங்கிருக்கும் ஜூனியர் திறந்து பார்த்துப் புரிந்துகொள்வார்.

மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ 1993-ல் எக்செல் 5-உடன் வந்தது. செத்துவிட்டது என்று அடிக்கடி சொல்கிறார்கள். நான் பார்க்கிற இடமெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஐம்பது பேருக்குத் தனித்தனி ஸ்டேட்மென்ட் எடுத்து மெயிலில் அனுப்ப வேண்டுமென்றால் அதுதான் சுலபம். ஒரு சிக்கல்: இணையம் வழியாக வரும் ஃபைல்களில் இருக்கும் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022-லிருந்து தானாகவே தடுக்கிறது. நீங்கள் மெயிலில் அனுப்பியதைக் கிளையன்ட் திறந்ததும் சிவப்புப் பட்டை வரும், "வைரஸா?" என்று ஃபோன் வரும். அவர்கள் ஐடி ஆளிடம் முதல் நாளே பேசி, நம்பகமான ஃபோல்டர் ஒன்றை ஒதுக்கி வாங்கிவிடுங்கள்.

கிளையன்ட் கூகுள் ஷீட்ஸ் வைத்திருந்தால், அதற்கான நிரல் வசதி ஆப்ஸ் ஸ்கிரிப்ட். வழக்கமாக ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் வரம்பு, ஆகவே பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். பைத்தான் எக்செலுக்கு வெளியே உள்ள பொதுவான நிரல் மொழி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மணிக்கணக்கில் வாங்குவதா, மொத்தமாக ஒரு தொகை பேசுவதா?

பதில்: மணிக்கணக்கில் வாங்கினால் உங்கள் திறமையே உங்களுக்கு நஷ்டம். புதியவர் இருபது மணி நேரம் இழுக்கிற வேலையை நீங்கள் மூன்றில் முடித்தால் உங்களுக்குக் குறைவான பணம், என்ன நியாயம்? மொத்தத் தொகையே சரி. ஆனால் வேலையின் எல்லை தெரியாமல் தொகை சொல்லாதீர்கள்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் ஒரு சிறிய ஆய்வு, அதற்குத் தனிக் கட்டணம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ரிப்போர்ட் தயாராவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாருங்கள். எந்த ஃபைல் யாரிடமிருந்து எந்த வடிவில் வருகிறது, எங்கே கையால் திருத்துகிறார்கள், எந்த எண்ணை "இது எப்போதும் இப்படித்தான்" என்று தட்டச்சு செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வகையில்தான் பாதி நேரம் ஒளிந்திருக்கும். பிறகு கட்டுமான வேலைக்கு, அதாவது அதைத் தானாக ஓடும்படி அமைத்துக் கொடுப்பதற்கு, விலை சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் உள்ளே வரும் ஃபைல்களின் வடிவத்தையும் வெளியே போகும் ரிப்போர்ட்டையும் மாதிரியோடு இணைத்துவிடுங்கள். பேங்க் தன் ஸ்டேட்மென்ட் வடிவத்தை மாற்றினால் அது புது வேலை என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். மாற்றுவார்கள்.

ஆய்வுக்குப் பணம் தரத் தயங்குகிறவர் கட்டுமானத்துக்கும் இழுத்தடிப்பார் என்பது என் கணிப்பு.

கேள்வி: அண்ணா, இப்போது வேலை பார்க்கும் கம்பெனிக்காக ஒரு டூல் செய்திருக்கிறேன். பெயரை மாற்றி வெளியே விற்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வேலையின் பகுதியாகச் செய்தது பெரும்பாலான நாடுகளில் முதலாளிக்குத்தான் சொந்தம். உங்கள் பணி ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள், வெளிவேலைக்கே தடை இருக்கலாம். கற்றுக்கொண்ட திறமை உங்களுடையது. சொந்தக் கணினியில், கற்பனை எண்களை வைத்து, முதலிலிருந்து கட்டுங்கள். இரண்டாவது முறை கட்டுவது இன்னும் நன்றாகவே வரும்.

கேள்வி: நான் கொடுத்த ஃபைலால் கணக்குத் தப்பாகிவிட்டால்? இந்தப் பயத்திலேயே தொடங்காமல் இருக்கிறேன்.

பதில்: பயம் நியாயமானது. ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெயர்பெற்ற பொருளியலாளர்களின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கான எக்செல் ஷீட்டில், சராசரி எடுத்த வரம்பில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. 2013-ல் ஒரு ஆராய்ச்சி மாணவர் அவர்கள் ஷீட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது. 2020-ல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரி எண்ணிக்கையில் சேராமல் போயின. காரணம், தரவை எக்செலின் பழைய ஃபைல் வடிவமான எக்ஸ்எல்எஸ்-ல் ஏற்றியது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது. எக்செல் 2007-லிருந்து வரம்பு 10,48,576.

இரண்டிலும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மேக்ரோ பிழை காட்டி நின்றால் நல்லதுதான். அமைதியாக ஓடி முடித்துத் தப்பான எண்ணைத் தருவதுதான் ஆபத்து. இந்த இடத்தில் கணக்காளருக்கு இருக்கிற பழக்கம் சோறு போடும். உள்ளே வந்த வரிகள் எத்தனை, வெளியே போனவை எத்தனை. மூலத்தின் மொத்தம் என்ன, ரிப்போர்ட்டின் மொத்தம் என்ன. எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியலான டிரையல் பேலன்ஸோடு ஒத்துப்போகிறதா. இவற்றுக்கென்று ஒரு தனி ஷீட் வைத்து, வித்தியாசம் வந்தால் ரிப்போர்ட்டே வெளிவராதபடி செய்யுங்கள். ஓரிரு மாதம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடட்டும்.

இன்னொன்று: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை எண்ணாகவே ஏற்றினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் காணாமல் போகும். கணக்கு எண்களை எப்போதும் எழுத்தாக ஏற்றுங்கள்.

பொறுப்பு வரம்பையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இறுதி எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது கிளையன்ட்தான் என்று இருக்கட்டும்.

கேள்வி: என் ஃபார்முலாவை யாரும் காப்பி அடிக்காமல் பாஸ்வேர்டு போடலாமா?

பதில்: ஷீட் பாஸ்வேர்டு கை தவறி அழிப்பதைத் தடுக்கும், அவ்வளவே. வேண்டுமென்று உடைக்க நினைப்பவருக்கு அது தடையே இல்லை. பணம் கொடுத்தவர் திறந்து பார்க்கட்டும் விடுங்கள்.

கேள்வி: இப்போது ஏஐ கேட்ட மேக்ரோவை எழுதித் தந்துவிடுகிறதே மேடம்... மன்னிக்கவும், சார். இனி நமக்கு வேலை இருக்குமா?

பதில்: எப்படி அழைத்தாலும் சரி. மேக்ரோ எழுதுவதை மட்டும் விற்றவர்களுக்குச் சிரமம்தான். நானும் ஏஐயைப் பயன்படுத்துகிறேன், தட்டச்சு மிச்சம். ஆனால் முன்பணத்தை வருமானத்தில் சேர்த்துவிட்டார்கள், ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் கேட்காமலே அது கண்டுபிடித்துச் சொல்லும் என்று நம்பி உட்கார முடியாது. கிளையன்டின் தரவை அனுமதியில்லாமல் அதில் ஒட்டவும் கூடாது. இதையும் ஒப்பந்தத்திலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: வேலை முடித்துக் கொடுத்த பிறகும் தினமும் ஃபோன். எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தாதீர்கள், மாதக் கட்டணமாக்குங்கள். ஒப்படைத்த முதல் மாதம் இலவசம், அதற்குப் பிறகு பராமரிப்பு ஒப்பந்தம் என்று தொடக்கத்திலேயே சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. கூடவே இரண்டு பக்கக் குறிப்பு: எந்த ஃபைலை எங்கே போடுவது, எந்த வரிசையில் ஓட்டுவது, பிழை வந்தால் முதலில் எதைப் பார்ப்பது. தங்கள் ஆட்களில் யார் இதைப் பார்த்துக்கொள்வார் என்று கிளையன்டே ஒரு பெயரை எழுதித் தர வேண்டும். அந்தப் பெயர் இல்லாமல் நான் ஃபைலை ஒப்படைப்பதில்லை.