கான்டெஸாவுக்கு ஃபைபர் பானெட் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் 1990 மாடல் கான்டெஸா கார் இருக்கிறது. கடல் காற்றில் பானெட்டும் டிக்கி மூடியும் அரித்துவிட்டன. ஃபைபர் கிளாஸில் செய்து மாட்டலாமா?
- ஒரு வாசகர், பெசன்ட் நகர்

பதில்: அந்த இரண்டையும் தாராளமாக மாற்றலாம். துருப் பிடிக்காது, எடையும் குறையும். கூரை, தூண், தரைத்தகடு பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். கான்டெஸாவுக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எலும்பு. அங்கே துரு என்றால் வெட்டி வெல்டிங்தான்.

என் பழைய வண்டிக்கு ஃபைபர் பானெட் வாங்கி, அவசரப்பட்டு உடனே பெயின்ட் அடித்தேன். ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. போதாததற்கு, மே மாத வெயிலில் உள்ளேயிருந்த இழைப் பின்னல் பாய் விரித்த மாதிரி மேலே தெரிந்தது! அதனால் முதலில் மாட்டி இடைவெளியைச் சரிபாருங்கள். இரண்டு வாரம் வெயில் குடிக்கட்டும். அப்புறம் பிரைமர். கீல், லாக் வரும் இடங்களில் உள்ளே இரும்புப் பட்டை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் போல்ட் துளையிலேயே விரிசல் விடும். டிக்கி மூடியில் விளக்கு இருந்தால் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும், ஃபைபரில் மின்சாரம் பாயாது.

பழைய தகடுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் இன்னொன்று லேசில் சிக்காது.