ஆழமும் வெளிச்சமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலடி உலகம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மேலூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கிணற்றில் முங்கி, அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டி வளர்ந்தவன் நான். என் மனைவியும் கண்மாயிலும் கிணற்றிலும் நீந்தியவர்தான். வாழ்நாளில் ஒருமுறையாவது ஒரு நல்ல கடலுக்குள் இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் பணம் சேர்த்து வருகிறோம்.

உலகில் உங்களுக்குப் பிடித்த ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முங்குவது), ஸ்நார்கெலிங் (மூச்சுக் குழாயோடு மேலே மிதந்து பார்ப்பது) இடங்கள் எவை? என் மனைவிக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா உண்டு. ஸ்கூபா கூடாது, மேலே மிதந்து பார்ப்பதற்குத் தடையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் மட்டும் கீழே போய்வந்தால், மேலே மிதப்பவருக்கு என்ன கிடைக்கும்? "உங்கள் ஆசைக்கு நான் இடைஞ்சலாக வேண்டாம், தனியாகவே போய்வாருங்கள்" என்கிறார். இன்னொன்று: பழகிக்கொள்வதற்காக ஒரு சனிக்கிழமை தூத்துக்குடிப் பக்கம் அறிமுக ஸ்கூபா ஒன்றை மதியத்துக்குள் முடித்துவிட்டு, அன்று மாலையே காரில் கொடைக்கானல் ஏறலாம் என்று திட்டம். சரிவருமா?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது உயிர் சம்பந்தப்பட்டது. அன்று மாலை கொடைக்கானல் ஏறாதீர்கள்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே உடல்மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. முதுகில் இருக்கும் சிலிண்டரில் வெறும் ஆக்சிஜன் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இருப்பது நாம் மூச்சுவிடும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. அதிலுள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்தபின் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல வெளியேறுகிறது. அதற்குள் உயரமான இடத்துக்குப் போய்விட்டால், மூடி திறந்த சோடாவில் வருவதுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். ஒரே ஒரு முறை முங்கியவர்கூட 12 மணி நேரமும், பலமுறை முங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது விதி. பறக்கும் விமானத்துக்குள் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையக்கூடும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். நீங்கள் காரில் போனாலும் உடலுக்கு அது விமானப் பயணம்தான். திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் மலை, பிறகு கடல்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அதுதான். அவர் விலகிக்கொள்ள நினைப்பதற்குக் காரணம், ஆழத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்ற எண்ணம். அது உண்மையல்ல. பவளத்தின் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலை உணவாக்கித் தரும் தயவில்தான் பவளம் பாறை கட்டுகிறது. வெயில் நன்றாக எட்டும் மேல்மட்டத்தில்தான் பாறை செழிக்கும், மீன்களும் அங்கேதான் மொய்க்கும். நிறமும் அப்படித்தான். கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சில மீட்டர்களிலேயே அது மங்கத் தொடங்கிவிடும். இருபது மீட்டரில் விரலில் கீறல் பட்டால் ரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். விளக்கு இல்லாமல் அங்கே எல்லாம் நீலச் சாம்பல். இரண்டு மீட்டர் நீருக்கு மேல் மிதப்பவர் அதே பவளத்தை அதன் முழு நிறத்தோடு பார்க்கிறார். சிலிண்டர் தீர்ந்துவிடும் என்ற கணக்கும் அவருக்கு இல்லை.

ஆகவே எனக்குப் பிடித்த இடங்களை ஆழத்தை வைத்துச் சொல்லப்போவதில்லை. எல்லாப் பட்டியல்களிலும் முதலில் வரும் பெலீஸ் நாட்டின் பெரிய நீலப் பள்ளம் என் பட்டியலில் கிடையாது. ஏறத்தாழ 300 மீட்டர் அகலம், 120 மீட்டருக்கும் மேல் ஆழம். பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது உலர்ந்த குகையாக இருந்தது. அன்று உருவான கற்தூண்கள் இன்றும் உள்ளே தொங்குகின்றன. 1971-இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ தன் கலிப்ஸோ கப்பலில் போய்ப் படம் பிடித்ததில் உலகப் புகழ் பெற்றது. வானிலிருந்து பார்க்க அற்புதம். ஆனால் அந்தத் தூண்களைக் காண பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லையான 40 மீட்டர் வரை இறங்க வேண்டும், அங்கே நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள், சுற்றிலும் உயிர்கள் மிகக் குறைவு. நிலவியல் மாணவர் போகட்டும். நீங்கள் இருவரும் சேர்த்த பணத்தை அதில் போட வேண்டாம்.

நான் உங்களை அனுப்ப விரும்பும் இடம் மாலத்தீவின் பா பவளத்தீவுத் தொகுதியில் உள்ள ஹனிஃபாரு விரிகுடா. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் மிதவை நுண்ணுயிர்களை அந்தச் சிறிய விரிகுடாவுக்குள் தள்ளிக் குவிக்கிறது. அதை உண்ண மான்டா எனப்படும் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. மூன்று மீட்டர் அகலம் விரிந்த ஓர் உயிர் வாயை அகலத் திறந்துகொண்டு நேராக உங்களை நோக்கி வந்து, கடைசி நொடியில் வளைந்து, வெள்ளை வயிற்றைக் காட்டியபடி அடியில் போகும். அதற்கு விஷக் கொடுக்கு கிடையாது. சில நாட்களில் திமிங்கலச் சுறாவும் வருவதுண்டு. அங்கே ஸ்கூபாவுக்குத் தடை. உலகின் மிகச் சிறந்த கடற்காட்சிகளில் ஒன்று, முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வைத்து மிதப்பவருக்கு மட்டுமே கிடைக்கிறது. உங்கள் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

பலாவ் நாட்டின் ஜெல்லி மீன் ஏரியும் அப்படித்தான். சுமார் 15 மீட்டருக்குக் கீழே நச்சு வாயு கரைந்த நீர் அடுக்கு இருப்பதால் ஸ்கூபா கூடாது. கொட்டினாலும் நமக்கு உறைக்காத பொன்னிற ஜெல்லி மீன்களுக்கு நடுவே மேலே மிதக்கலாம். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் இரு கண்டத் தட்டுகளுக்கு இடையே, நூறு மீட்டர் தெளியும் நீரில் மிதக்கிறார்கள். ஆனால் அந்த நீரின் வெப்பம் 2 முதல் 4 டிகிரி. ஆஸ்துமா உள்ளவருக்குக் குளிர் ஆகாது, அதை விட்டுவிடுங்கள்.

செங்கடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் கலக்கும் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சுற்றிலும் பாலைவனம், மழையும் அபூர்வம். வண்டல் வராததால் நீர் கண்ணாடியாக இருக்கிறது. எகிப்து 1983-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த ராஸ் முகமதுவிலும், வடக்கே தஹாப் ஊரிலும் கரையிலிருந்தே நடந்து இறங்கிப் பவளத்தைத் தொடும் தூரத்துக்குப் போய்விடலாம் (தொடக் கூடாது). அங்கே கிளிமீன் மேய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பற்களெல்லாம் ஒன்றாய் இணைந்து அலகாகிவிட்ட வாய். பாறையில் ஒரு கடி. "நறுக்" என்ற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. கடித்த இடத்தில் வெள்ளையாக இரண்டு கீறல். பாறைமேல் படர்ந்த பாசிதான் அதற்கு உணவு. கூடவே உள்ளே போன சுண்ணாம்பு அரைபட்டு, சற்று நேரத்தில் வாலுக்குப் பின்னால் வெள்ளைப் புகைபோல் மணலாகக் கொட்டுகிறது. வெப்ப மண்டலத் தீவுகளில் நாம் ரசிக்கும் வெண்மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான். பாசியை மேய்ந்து புதுப் பவளம் ஒட்ட இடம் செய்து கொடுப்பதும் இதே மீன். இவ்வளவையும் மூன்று மீட்டர் நீருக்கு மேல் மிதந்தபடி பார்த்தேன்.

உயிர் வளத்தில் உச்சம் என்றால் இந்தோனேசியாவின் ராஜா அம்பட். மீனியல் அறிஞர் ஜெரால்டு ஆலன் 2012-இல் அங்குள்ள கேப் க்ரி என்னும் இடத்தில் ஒரே முங்கலில் 374 மீன் வகைகளை எண்ணினார். அங்கும் ஆர்போரெக் தீவின் மரப் படகுத்துறைக்கு அடியில் மிதந்தாலே மீன் கூட்டம் வெயிலை மறைக்கும். பயணம்தான் நீளம், செலவும் அதிகம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். 2,300 கிலோமீட்டர் நீளத்தில் எந்த இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, கரையிலிருந்து தள்ளியுள்ள வெளித்திட்டுகளுக்குப் போகும் படகையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆழத்துக்கே போய்த்தான் தீர வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடமும் உண்டு. அது செங்கடலில் கிடக்கும் திஸ்ல்கார்ம் கப்பல். 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல், சுமார் 30 மீட்டரில் நிற்கிறது. போர்முனைக்குப் புறப்பட்ட லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஏற்றிய வரிசை கலையாமல் சரக்கறையில் இருக்கின்றன. அதற்கு முறையான பயிற்சி வேண்டும். முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டருக்கு. 30 மீட்டருக்கு அடுத்த நிலை.

பயிற்சி என்றதும் உங்கள் கிணற்று நீச்சல் நினைவுக்கு வருகிறது. அது பெரிய பலம், தண்ணீர்ப் பயம் இருக்காது. ஆனால் கிணறு கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்தை நீங்கள் கழற்றி வைத்தாக வேண்டும்: தம் கட்டுவது. கிணற்றில் நீங்கள் கொண்டுபோவது மேலே இழுத்த மூச்சு. ஏறும்போது அது பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் கீழே இருக்கும்போதே அழுத்தமான காற்றை நிரப்புகிறீர்கள். பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய வாங்கி, தம் கட்டிக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்பதுதான் முதல் பாடம். கிணற்றுப் பிள்ளைகள் பதறும் கணத்தில் தம் கட்டுவார்கள், உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது. பயிற்றுநரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பக்கத்துக் கடல்களையும் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை என்றால் திருகோணமலைக்கு அருகே உள்ள புறாத்தீவு. கரையோரத்திலேயே கருமுனைச் சுறாக்கள் சுற்றும், மனிதரைக் கண்டால் விலகிப் போகும். கூட்டத்தால் பவளம் அடிபட்டிருக்கிறது, அதிகாலையில் போங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் அந்தமானின் ஹேவ்லாக், இப்போது சுவராஜ் தீவு. ஸ்கூபா கற்றுக்கொள்ள நம் நாட்டில் நான் முதலில் சொல்லும் இடம் அது.

மன்னார் வளைகுடா நமக்கு மிக அருகில் இருந்தும் அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 1986-இல் தேசியப் பூங்காவான அந்த 21 தீவுகளையும் நான் உயிராக நேசிக்கிறேன். கடல்புல் மேயும் ஆவுளியா என்னும் கடல்பசு இந்தியாவில் இன்னும் வாழும் ஒருசில இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் நீர் பெரும்பாலும் கலங்கல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒன்றும் தெரியாது. மாலத்தீவை எதிர்பார்த்துப் போகிறவர்கள் "இங்கே என்ன இருக்கிறது" என்று முகம் சுளிப்பதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தோம். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தீவுகளில் அனுமதியின்றி இறங்க முடியாது. வனத்துறை விடும் படகில் போய்வாருங்கள்.

அங்கே பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டை, இடுப்பில் கயிறு கட்டிய பை, கண்ணில் சாதாரண நீச்சல் கண்ணாடி. பாறை கீறாமலிருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றுகிறார்கள். காலில் ரப்பர்த் துடுப்புக்குப் பதிலாகச் செருப்போடு சேர்த்துக் கட்டிய தகடு. தம் கட்டி முங்கி, கை நிறைய எழுகிறார்கள். கடலுக்கு ஓய்வு வேண்டும் என்று மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் எம். லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடுவோருக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. உலகக் கடல்களைப் பார்க்கப் போகிறவர், நம் கடலுக்குள் அன்றாடம் இறங்கும் இவர்களை அறியாமல் போகக் கூடாது என்று விரும்புகிறேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், பயணத்தை. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் பாசிகளை உதறிவிட்டு வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் லட்சத்தீவு வெளுத்தது, 2024-இல் மறுபடியும். நான் மேலே சொன்ன பவளக் கடல்கள் அடுத்த பத்தாண்டுக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பிப் பணம் சேர்த்துக்கொண்டிருக்க முடியாது. போகும்போது, பவளத்துக்குக் கேடான ஆக்ஸிபென்சோன் என்னும் வேதிப்பொருள் கலந்த வெயில் பூச்சைத் தவிர்த்து முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள்.

இந்த ஆண்டு தென்மேற்குப் பருவக்காற்றில் ஹனிஃபாரு, இருவரும் சேர்ந்து. அதற்கு முன் ஏதாவது நீச்சல் குளத்தில் இருவரும் முகக்கண்ணாடி, மூச்சுக் குழாயோடு பழகுங்கள். குழாய்க்குள் நீர் புகுந்தால் "பூ" என்று ஊதி வெளியேற்றுவது பழக்கமாகும்வரை கடலுக்குப் போக வேண்டாம். உங்களுக்கு அடர்ந்த மீசை இருந்தால் கண்ணாடியின் விளிம்பு வழியே நீர் கசியும். மூக்கை ஒட்டிய முடியை மட்டும் கத்தரித்தால் போதும். மனைவியின் இன்ஹேலர் அறையில் இருக்கக் கூடாது, நீர் புகாத பையில் படகிலேயே இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது படகோட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்.