தடுப்பூசி போட்ட பிறகு பிளேட்லெட்டுகள் (ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள்) திரள்கின்றனவா என்பதை அதிவேகப் படமெடுப்பில் கண்டறிய முடியுமா? எப்படிச் செய்வது?

முடியும். ஆனால் ஆய்வு பெரும்பாலும் கெடுவது கேமராவுக்கு வருமுன்பே, ரத்தம் எடுக்கும்போதுதான். பிளேட்லெட் ஒரு தொட்டாற்சிணுங்கி. மெல்லிய ஊசி, வெகுநேரம் கையில் இறுக்கிக் கட்டிய டூர்னிக்கெட் பட்டை, குழாயைக் குலுக்குவது, ஃப்ரிட்ஜில் வைப்பது, எதுவானாலும் தானே தூண்டப்பட்டு ஒட்டிக்கொள்ளும். 21 கேஜ் ஊசி போதும். முதல் 2–3 மி.லி. ரத்தத்தை ஆய்வுக்குச் சேர்க்க வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2% சோடியம் சிட்ரேட் குழாயில் ரத்தம் 9 பங்கு, சிட்ரேட் 1 பங்கு. குறியீடு வரை நிரம்பாவிட்டால் அந்த விகிதமே தவறிவிடும். ஈடிடிஏ (இன்னொரு உறைவுத் தடுப்பான்) குழாய் கூடாது. சிலருடைய ரத்தம் அதில் தானாகவே திரளும். பிறகு பிளேட்லெட் நிறைந்த மேல்நீரைப் பிரிக்க, மையவிலக்குக் கருவியில் அறை வெப்பநிலையில் 200 ஜி (புவியீர்ப்பைப் போல் 200 மடங்கு விசை) அளவில் 10–15 நிமிடம் சுழற்றுங்கள், பிரேக் போடாமல். பெரிய திரள்கள் சிவப்பணுக்களோடு அடியில் தங்கிவிடக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி ஒளியியல். பிளேட்லெட்டின் விட்டம் 2–3 மைக்ரோமீட்டர். கேமராவுக்கு முன் உள்ள நுண்குழாயில் அது வினாடிக்கு 1 மீட்டர் ஓடினால், 1 மைக்ரோவினாடியில் 1 மைக்ரோமீட்டர் நகர்ந்துவிடும். படம் இழுபட்டுத் தெரியும். ஒளி படும் நேரத்தை 0.3 மைக்ரோவினாடிக்குள் வையுங்கள். வேகத்தைக் கூட்டினால் எண்ணிக்கை கூடும். ஆனால் சுவரோர உராய்வே பிளேட்லெட்டுகளைத் தூண்டக்கூடும், பேராசை வேண்டாம்.

அடுத்த சிக்கல் போலித் திரள். இரண்டு பிளேட்லெட்டுகள் தற்செயலாக ஒரே படச்சட்டத்தில் (ஃப்ரேமில்) நெருங்கி ஓடினாலும் மென்பொருள் 'திரள்' என்றே எண்ணும். மாதிரியை இரண்டு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். திரள் விகிதம் ஏறக்குறைய பாதியானால் அதில் பெரும்பகுதி தற்செயல்; மாறாமல் நின்றால் நிஜம். அணுக்களின் மேற்பரப்புப் புரதங்களில் ஒட்டும் சாயங்களும் உதவும்: சிடி61 சாயம் பிளேட்லெட்டைக் காட்டும், சிடி62பி அது தூண்டப்பட்டதா என்று சொல்லும், சிடி45 ஒட்டியிருக்கும் வெள்ளையணுவைக் காட்டிக்கொடுக்கும். ஏடிபி (பிளேட்லெட்டைத் திரளவைக்கும் வேதிப்பொருள்) சேர்த்த மாதிரி ஒன்று ஒப்பீட்டுக்கு அவசியம்.

ஆளுக்கு ஆள் அடிநிலை மாறும் என்பதால், தடுப்பூசிக்கு முன் எடுத்த அதே நபரின் மாதிரியோடுதான் ஒப்பிட வேண்டும். ரத்தம் எடுத்ததிலிருந்து படமெடுக்கும் வரையிலான இடைவெளியும் எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

2021-இல் ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாகக் கண்டறியப்பட்ட ரத்த உறைவு நோய் வேறு கணக்கு. அது பிஎஃப்4 என்ற பிளேட்லெட் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளால் வருவது; பொதுவாக 5 முதல் 30 நாட்களுக்குள் தலைகாட்டும். அதற்கு அந்த எதிர்ப்பொருளைத் தேடும் பிஎஃப்4 எலைசா பரிசோதனை வேண்டும். படத்தில் திரள் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து யாருக்கும் அந்த நோய் என்று எழுதிவிடாதீர்கள்.