அத்தையிடம் கேட்டீர்களா?

கேள்வி: ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குத் தைவான் போகிறோம். நான், கணவர், 14 வயது மகள், 68 வயது மாமியார். தைப்பேக்குப் பக்கத்தில் வூலாய் என்ற மலையூரில், சரிவில் ஆற்றைப் பார்த்தபடி ஓர் உணவகம் இருக்கிறது. அந்த மலையின் பழங்குடியினர் சமையல்தான் அங்கே சிறப்பு. படத்தைப் பார்த்ததிலிருந்து மகள் அங்கே ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்று நிற்கிறாள். மாமியார் சுத்த சைவம். "அம்மாவுக்கு ஒத்துவராது, அங்கே காட்டுப்பன்றிதான் கிடைக்கும். நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள், நான் அம்மாவைத் தைப்பேயில் இந்தியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகிறேன்" என்கிறார் கணவர். தேசிய சேவைக் காலத்தில் பயிற்சிக்காகத் தைவான் போனவர், அதனால் எல்லாம் தெரியும் என்கிறார். அத்தை வாயே திறக்கவில்லை. இதற்கு நடுவில், பழங்குடி மக்களை வேடிக்கை பார்க்கப் போகிற மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கும் ஓர் உறுத்தல். தோழி ஒருத்தியோ தரோகோ பள்ளத்தாக்குக்கே போகச் சொல்கிறாள். என்ன செய்யலாம்?
- செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் மகளின் ஆசை இருக்கிறது, கணவரின் தீர்ப்பு இருக்கிறது, தோழியின் யோசனைகூட இருக்கிறது. யாருடைய சாப்பாட்டைப் பற்றி இத்தனை பேச்சோ, அவர் சொன்னது மட்டும் ஒரு வரிகூட இல்லை. "வாயே திறக்கவில்லை" என்கிறீர்கள். சரி, யாராவது கேட்டீர்களா? பெரியவர்கள் பேசாமல் இருந்தால் அதை நமக்குத் தோதான பக்கம் சாய்த்துக்கொள்வது நம் வீடுகளில் நடப்பதுதான். தன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவர் பேசாமல் இருக்கலாம். தன்னைத் தனியாகப் பிரித்து வைக்கிறார்களே என்ற வருத்தமாகவும் இருக்கலாம்.

இன்றைக்கே கேளுங்கள். ஆனால் "வருகிறீர்களா அத்தை?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "நீங்கள் போய்வாங்கம்மா" என்றுதான் பதில் வரும். அவருடைய சைவத்தின் எல்லை எது என்று விவரமாகக் கேளுங்கள். பக்கத்து இருக்கையில் இறைச்சி சாப்பிட்டால் உட்கார முடியுமா? அதே வாணலியைக் கழுவிவிட்டுச் சமைத்தால் சரியா? முட்டை? வெங்காயம், பூண்டு? ஒருவருக்குத் தட்டில் கலக்காமல் இருந்தால் போதும், இன்னொருவருக்கு வாடையே ஆகாது. அத்தை இரண்டாவது வகை என்றால் உங்கள் கணவர் சொன்ன ஏற்பாடுதான் சரி, அதில் யாருக்கும் குறையில்லை. முதல் வகை என்றால், அந்த மலைச் சமையலைப் பற்றி உங்கள் நால்வரில் அதிகம் தெரிந்தவர் அவராகவே இருக்கக்கூடும்.

எப்படி என்கிறீர்களா? தைவான் பழங்குடியினரின் தலையாய தானியம் தினை. நம் முருகனுக்குத் தேனோடு பிசைந்து படைக்கிற அதே தினை. வள்ளி காவல் காத்த தினைப்புனம் போன்றவை அந்த மலைச் சரிவுகளிலும் இருந்தன. விதைப்புக்கும் அறுப்புக்கும் தனித்தனிச் சடங்குகள், விளைச்சலை வேண்டிப் பாட்டு என்று பல இனங்களின் ஆண்டுக் கணக்கே தினையை ஒட்டி ஓடியது. இப்போது உணவகங்களில் அரிசியோடு கலந்த சோறாக, மோச்சி என்ற ஒட்டும் இனிப்பாக, மதுவாக வருகிறது.

அப்புறம், தென்மலையிலும் கிழக்குக் கரையிலும் 'மரப் பயறு' என்று ஒன்றைச் சூப் வைப்பார்கள். அது வேறொன்றுமில்லை, தோல் உரிக்காத முழுத் துவரை. அமிஸ் இனத்தவர் விரும்பிச் சாப்பிடும் ஒரு கீரை, நம் மணத்தக்காளிக் கீரைதான். சேப்பங்கிழங்கு அவர்களுக்குத் தினைக்கு அடுத்த சோறு. இவையெல்லாம் வூலாயின் எல்லாக் கடைகளிலும் இருக்காது. அங்கே இருப்பவர்கள் அத்தயால் இனத்தவர், அமிஸ் மக்களின் ஊர்கள் கிழக்கே. ஆனாலும் தட்டில் எதைப் பார்த்தாலும் "இது என்ன?" என்று முதலில் கேட்கப் போவது உங்கள் மகள், பதில் சொல்லப் போவது அத்தை. அந்தக் காட்சிக்காகவே நான் அவரை அழைத்துப் போகச் சொல்வேன்.

வூலாயில் நிச்சயம் பார்ப்பீர்கள் என்று சொல்லக்கூடியது மூங்கில் குழாய்ச் சோறு. ஒட்டரிசியைப் பச்சை மூங்கிலில் அடைத்து வேகவைப்பது. மூங்கிலைப் பிளந்தால் உள்பக்கத்து மெல்லிய சவ்வு சோற்றின் மேல் தாள்போல ஒட்டியிருக்கும், அதோடுதான் சாப்பிடுவார்கள். நோன்புப் பெருநாள் சமயத்தில் கேலாங் சிராயில் விற்கும் மலாய் மூங்கில் சோறான லெமாங்கின் உறவு. ஆனால் இதில் தேங்காய்ப் பால் கிடையாது. சில கடைகளில் உள்ளே இறைச்சித் துண்டு வைப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பறவைக்கூடு பெரணியின் இளந்தளிர் வதக்கல். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் பெரிய பச்சைக் கூடைகளாகத் தொற்றி வளர்கிறதே, அந்த இனம்தான். இங்கே அண்ணாந்து பார்ப்போம், அங்கே தட்டில் வரும். வழுவழுப்பும் மொறுமொறுப்பும் சேர்ந்த கீரை. வெண்டைக்காய் பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும்.

இங்கேதான் கவனம் தேவை. இந்தப் பெரணியைப் பெரும்பாலும் காய்ந்த நெத்திலி போட்டு வதக்குவார்கள். மரப் பயறு சூப்பில் பன்றி எலும்பு கிடக்கும். வெறும் கீரை என்று வருவதும் பன்றிக் கொழுப்பில் வதக்கியதாக இருக்கலாம், தைவானில் அது பரவலான பழக்கம். ஆகவே அங்கே போய்ச் சைகையில் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் புளோக்கிலோ அலுவலகத்திலோ உள்ள சீன நண்பரிடம் ஓர் அட்டை எழுதி வாங்குங்கள்: இறைச்சி, மீன், காய்ந்த மீன், சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது, காய்கறி எண்ணெயில் சமைத்தால் போதும் என்று. தைவானில் பழைய வடிவச் சீன எழுத்து, நம் பள்ளிகளில் சொல்லித் தருவது எளிய வடிவம். பழைய வடிவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், சமையற்காரருக்குச் சந்தேகம் வராது.

நல்ல வேளை, தைவான் சைவத்துக்குப் புதிய நாடு இல்லை. பொட்டலத்தில் விற்கும் சைவ உணவிலேயே ஐந்து வகை குறிப்பிடுவார்கள்: எதுவும் சேராதது, முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது. "சைவம்" என்றால் அவர்களுக்குப் பௌத்த சைவம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் பூண்டு இல்லாமலே வரலாம், கூடவே சோயாவில் செய்த போலி இறைச்சியும் வரலாம். நம் உணவங்காடிகளில் அத்தை அதைப் பார்த்திருப்பார். பிடிக்காது என்றால் அட்டையில் அதையும் சேருங்கள்.

தினை மது பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையாகக் கலங்கி, இனிப்பாக இருக்கும். பழச்சாறு என்று நினைத்து உங்கள் மகள் கையை நீட்டிவிடக்கூடாது.

மகளுக்கும் உங்களுக்கும் இறைச்சி உண்டு என்றால் மக்காவ் போட்டது எதையாவது கேளுங்கள். மிளகு அளவில் கறுத்த காட்டுக் காய். மிளகும் எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்த வாசனை. கோழிச் சூப், சுட்ட மீன், பன்றித் தொத்திறைச்சி எல்லாவற்றிலும் போடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தக் காட்டுப்பன்றியைவிட இந்தக் காய்தான் வூலாயின் அடையாளம். பன்றி பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது, பெயரில்தான் காடு.

இனி உங்கள் உறுத்தல். அது நல்ல உறுத்தல், ஆனால் அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. தைவான் அரசு அங்கீகரித்த பழங்குடி இனங்கள் 16, மக்கள்தொகை கிட்டத்தட்ட 6 லட்சம். காடும் வேட்டையும் அவர்களுக்கு இன்றும் வாழ்க்கை, கண்காட்சி இல்லை. தலும் சுக்லுமான் என்ற புனுன் இனத்தவரின் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். 2013இல் ஒரு சிறு மானையும் ஒரு காட்டாட்டையும் வேட்டையாடியதற்காகக் கைதானார். வயதான தாய்க்குக் கடை இறைச்சி பழக்கமில்லை, அவருக்காகத்தான் போனேன் என்றார். மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2021 மே மாதம் அதிபர் சாய் இங்-வென் பொதுமன்னிப்பு அளித்தார். தாய்க்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதற்காக ஒரு மகன் அத்தனை தூரம் போயிருக்கிறார். உங்கள் கணவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். (இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.)

வேடிக்கை பார்ப்பவராக இல்லாமல் விருந்தாளியாகப் போக வழிகள் உண்டு. முதலில், உணவகத்தை நடத்துவது யார் என்று விசாரியுங்கள். வாசலில் மரச் சிற்பமும் சுவரில் சிவப்பு நெசவும் இருந்தால் மட்டும் அது அத்தயால் குடும்பத்தின் கடை ஆகிவிடாது. வூலாயின் பழைய தெருவிலேயே அத்தயால் அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. சாப்பிடப் போகுமுன் அங்கே கொஞ்ச நேரம் செலவழியுங்கள். நெசவில் தேர்ந்த பெண்களுக்குத்தான் கன்னத்தில் பச்சை குத்தினார்கள் என்பதும், ஜப்பானியர் ஆட்சியில் அதைத் தடை செய்தார்கள் என்பதும் தெரிந்தபின், மேசைக்கு வரும் பாட்டியைப் படமெடுக்க மகளே யோசிப்பாள். படம் வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுக்கட்டும். "பழங்குடி உடை போட்டு ஆடுவார்களா?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.

தோழி சொன்ன தரோகோவை இந்த முறை விடுங்கள். 2024 ஏப்ரல் 3 நிலநடுக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கு கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பாதைகள் எவை திறந்திருக்கின்றன என்று தரோகோ தேசியப் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். முதியவரோடு போகும்போது அந்த அலைச்சல் எதற்கு? வூலாயும் மண்சரிவுக்கு விலக்கு இல்லைதான். 2015 ஆகஸ்டில் சௌடலோர் சூறாவளி வந்தபோது சாலையே துண்டிக்கப்பட்டது. டிசம்பரில் சூறாவளிக் கவலை குறைவு. ஆனாலும் கனமழை எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு மலைக்குப் போகாதீர்கள், மகள் எவ்வளவு முகம் சுளித்தாலும்.

மதியச் சாப்பாட்டுக்கே போங்கள், இரவுக்கு வேண்டாம். நமக்கும் தைவானுக்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் வேறு. இங்கே ஏழு மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகிவிட்டோம். டிசம்பரில் தைப்பேயில் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும். மலை பார்க்கப் போய் இருட்டைப் பார்த்துவிட்டு வருவீர்கள். பகலிலும் காட்சி உறுதியில்லை, வடதைவானின் குளிர்காலம் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். படத்தில் பார்த்த பச்சை ஆறு தெரியாமல் போகலாம் என்று மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். எல்லோருக்கும் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த மாடத்தில் உட்கார்ந்தால் அத்தைக்குக் காதுக்கும் ஒரு மறைப்பு வேண்டும்.

தைப்பே எம்ஆர்டியில் பச்சைப் பாதையில் ஷிண்டியன் நிலையத்தில் இறங்கி, 849 எண் பேருந்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வூலாய். பாதை வளைந்து வளைந்து போகும், அத்தைக்கு முன்பக்க இருக்கை பிடித்துக் கொடுங்கள். உணவகத்தில் பேசும்போது எத்தனை படி ஏற வேண்டும், கழிப்பறை எந்தத் தளத்தில் என்று கேளுங்கள். சரிவில் கட்டிய இடங்களில் அழகான மேசை எப்போதும் கடைசிப் படிக்குக் கீழேதான் இருக்கும். சின்னக் கடைகளில் ரொக்கம்தான் வாங்குவார்கள்.

முன்பதிவை நால்வருக்கே செய்யுங்கள். அத்தை வர முடியாது என்று தன் வாயால் சொன்னால், ஓர் இருக்கையைக் குறைக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.