தூங்கும்போது வர்ற காசு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து வருசமா வாட்டர்கலர் வரையறேன். வேலைய விட்டு எட்டு மாசம் ஆச்சு. ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் போடலாம்னு 40 வீடியோவுக்கு பிளான் எழுதி வெச்சிருக்கேன். ஒரு தடவ எடுத்துப் போட்டுட்டா அப்புறம் நாம தூங்கும்போதும் காசு வரும்னு எல்லாரும் சொல்றாங்க. யுடெமி மாதிரி பெரிய தளத்துல போடறதா, சொந்தமா சைட் வெச்சு விக்கறதா? என்ன கேமரா வாங்கணும்? என்னை ஃபாலோ பண்றவங்க ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், அது பத்துமா? நீங்களும் ஆன்லைன்ல கதை எழுத சொல்லிக்கொடுத்தீங்கன்னு தெரியும், அதான் உங்ககிட்ட கேக்கறேன். சமீபத்துல வரைஞ்ச படம் ஒண்ணு இணைச்சிருக்கேன், நேரம் இருந்தா பாருங்க.

- ஒரு வாசகர் (பேர் போட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு நான் பரண்ல இருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டிய இறக்கி குடைஞ்சுக்கிட்டிருந்தேன். அதுல இருந்து கிடைச்சத பத்தி அப்புறம் சொல்றேன், முதல்ல உங்க கேள்விங்கள முடிச்சிடறேன்.

கேமரா வேண்டாம், கைல இருக்கற போன் போதும். பேப்பருக்கு நேர் மேல நிக்கற மாதிரி ஒரு ஸ்டாண்ட், கை நிழல் விழாம பக்கத்துல இருந்து ஒரு வெளிச்சம், காலர்ல ஒரு சின்ன மைக். படம் கொஞ்சம் மங்கினா ஜனங்க பொறுத்துக்குவாங்க, குரல் கரகரன்னா மூடிட்டு போயிடுவாங்க. ஆயிரம் பேர் பத்துமான்னா பத்தும், பதினஞ்சு பேர் கிடைச்சா போதும் உங்களுக்கு, ஏன் பதினஞ்சுன்னு கீழ சொல்றேன்.

எனக்கு கோவம் வந்தது அந்த தூங்கும்போதும் காசுங்கற வரிலதான். இனிமே நீன்னே சொல்றேன், திட்டறதுக்கு அதுதான் வசதி. ஏம்ப்பா, நீ தூங்கிட்டா உன் மாணவனோட படத்த யார் பாக்கறது?

பெட்டிக்கு வரேன். எனக்கு பதினாலு வயசுல தபால் வழி ஓவியப் பயிற்சில சேந்தேன். பாடம் தபால்ல வரும், வரைஞ்சு அனுப்பணும், மூணு வாரம் கழிச்சு திரும்பி வரும். பாடப் புத்தகங்க எங்க போச்சோ தெரியல, ஆனா திரும்பி வந்த தாள் ஒண்ணு அந்தப் பெட்டில இருந்துச்சு. என் இடது கைய நானே வரைஞ்சது. அதுமேல மெல்லிசு டிரேசிங் பேப்பர் ஒட்டி, அதுல சிவப்பு பென்சிலால கட்டைவிரல மட்டும் சரியா திருப்பி வரைஞ்சு, ஓரத்துல ஒரே வரி: "இது உன் கையா, கைன்னா இப்படித்தான் இருக்கும்னு நீ நெனச்சிட்டிருக்கற கையா?" அவ்வளவுதான். ஆணா பொண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது, கையெழுத்து கூட ஒரு சின்ன கிறுக்கல்தான். நான் ஓவியர் ஆகல, அது வேற விஷயம், ஆனா அதுக்கப்புறம் கதைல ஒரு ஆள எழுதும்போதெல்லாம் இது அந்த ஆளா, ஆளுங்கன்னா இப்படித்தான்னு நான் நெனச்சிட்டிருக்கற ஆளான்னு அந்த சிவப்பு பென்சில் இன்னிக்கும் கேக்குது.

தூரத்துல இருந்து சொல்லிக்கொடுக்கறதே திருத்தத்துல இருந்துதான் ஆரம்பிச்சுது தம்பி. 1840ல இங்கிலாந்துல ஒரு பென்னி ஸ்டாம்புல கடிதம் அனுப்பலாம்னு வந்த உடனே ஐசக் பிட்மேன் சுருக்கெழுத்து பாடத்த தபால்ல அனுப்ப ஆரம்பிச்சாரு, படிக்கறவங்க பைபிள் வரிகள சுருக்கெழுத்துல எழுதி அனுப்புவாங்க, அவரு திருத்தி திருப்பி அனுப்புவாரு. திருத்தி திருப்பி அனுப்பினதாலதான் அது வகுப்பு, இல்லன்னா வெறும் புத்தக வியாபாரம்.

இன்னொரு கதையும் இருக்கு, அதுதான் உனக்கு முக்கியம். அமெரிக்காவுல 1948ல ஆல்பர்ட் டார்ன், நார்மன் ராக்வெல் மாதிரி பேர் போன ஓவியருங்க சேந்து ஃபேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூல்னு ஒரு தபால் பள்ளி நடத்துனாங்க. மாணவன் அனுப்பற படத்துமேல டிரேசிங் தாள் வெச்சு திருத்தி அனுப்பறது அங்கயும் உண்டு. அது நல்லா ஓடவும் 1961ல அதே பாணில எழுத்தாளர் பள்ளி ஒண்ணும் தொடங்குனாங்க. விளம்பரத்துல பிரபல எழுத்தாளருங்க மூஞ்சி, ஆனா அவங்க யாரும் மாணவங்க எழுதினத தொட்டுக்கூட பாக்கறதில்ல. 1970ல ஜெசிகா மிட்ஃபோர்டுங்கற பத்திரிகையாளர் அட்லாண்டிக் இதழ்ல இத புட்டு புட்டு வெச்சாங்க. மூஞ்சி விவகாரத்த விடு, அது பழைய தந்திரம். எனக்கு உறுத்தினது கணக்குதான். முழுப் பணமும் முன்னாடியே ஒப்பந்தம், சேந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பாதில நிக்கறாங்க, நிக்கறதாலதான் கம்பெனிக்கு லாபம், எல்லாரும் ஒழுங்கா கடைசி வரைக்கும் எழுதி அனுப்பினா திருத்த ஆளுக்கு எங்க போறது? 1972ல திவால்.

நீ சொல்ற தூங்கும்போது வர்ற காசு அதே காசுதான். வாங்கிட்டு பாக்காம போறவன் காசு. நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல, அதையும் ஒத்துக்கறேன். என் சிறுகதை கோர்ஸ் அப்படித்தான் இருந்துச்சு, 38 வீடியோ, மூணு மாசம் உக்காந்து எடுத்தேன், மூணாவது வீடியோவுக்கு அப்புறம் பாத்தவங்க எண்ணிக்கை மாடிப்படில தடுக்கி விழுந்த மாதிரி விழுந்துச்சு. ஆனா காசு வந்துச்சு. அதான் வெக்கமா இருந்துச்சு. ஒரு பொண்ணு மட்டும் எல்லாத்தையும் பாத்துட்டு, கதை ஒண்ணு எழுதி, இத யாருக்கு அனுப்பணும்னு கேட்டு மெயில் போட்டிருந்தா. என் கோர்ஸ்ல அதுக்கு ஒரு இடமே இல்ல. 38 வீடியோ எடுத்தேன், எழுதினத கொடுக்க ஒரு ஜன்னல் வெக்க தோணல எனக்கு. அந்த வாரமே கோர்ஸ மூடிட்டேன்.

வீடியோவே வேஸ்ட்டான்னு கேக்காத. 2011ல ஸ்டான்ஃபோர்டுல செயற்கை நுண்ணறிவு கோர்ஸ இலவசமா திறந்து விட்டப்ப 1,60,000 பேர் சேந்தாங்க, முடிச்சவங்க 20,000 பேருக்கு மேல, பெரிய விஷயம்தான். ஆனா அங்க விடை சரியா தப்பான்னு மெஷினே சொல்லிடும். ஈரம் காயறதுக்குள்ள நீ ரெண்டாவது வாஷ், அதாவது தண்ணில கரைச்ச மெல்லிசு கலர் பூச்சு, போட்டதாலதான் வானம் சேறாச்சுன்னு எந்த மெஷின் உன் மாணவனுக்கு சொல்லும்? அவன் என்ன அவசரத்துல இருந்தான்னு வரைஞ்சு பழகின உன் கண்ணுக்குத்தான் தெரியும்.

யுடெமியா சொந்த சைட்டாங்கறதும் இதுல பாதி அடங்கிடுது. யுடெமில உன் லிங்க் வழியா வந்து வாங்கினா உனக்கு 97 சதவீதம், அவங்க தளத்துல தேடி வந்து வாங்கினா 37. சந்தாக்காரங்களுக்கு தனி கணக்கு, மொத்த சந்தா வருமானத்துல ஒரு பங்க ஒதுக்கி, பாத்த நிமிசத்துக்கு ஏத்த மாதிரி ஆசிரியருங்களுக்கு பிரிச்சு கொடுக்கறாங்க. அந்தப் பங்கு 25 சதவீதமா இருந்தது, 2024ல 20, 2025ல 17.5ன்னு இறங்கிட்டே வருது. குறையறது கூட பரவால்ல, நிமிசத்துக்கு காசுங்கறத நல்லா யோசி. வாட்டர்கலர் கத்துக்கறவன் எப்ப கத்துக்கறான்? வீடியோவ நிறுத்திட்டு பிரஷ்ஷ கைல எடுக்கும்போது. அந்த நிமிசமே உன் மீட்டர் நின்னுடும். உன்னால ஒருத்தன் வரைய ஆரம்பிச்சா உனக்கு நஷ்டம், வாயத் திறந்து பாத்துக்கிட்டே இருந்தா லாபம். இப்படி ஒரு கணக்குல நல்ல வாத்தியார் எவ்வளவு நாள் நல்ல வாத்தியாராவே இருப்பாரு? பேச்ச இழுக்க ஆரம்பிச்சிடுவாரு, அவர் தப்பும் இல்ல. அதனால யாரும் எட்டிப் பாக்க அங்க சின்னதா ஒண்ணு வெச்சுக்கோ, வேண்டாங்கல, வீட்ட அங்க கட்டாத.

இப்ப பதினஞ்சு. ஒரு பேட்ச்ல 15 பேர், ஆறு வாரம், வாரத்துக்கு ஆளுக்கு ஒரு படம். ஒரு படத்துக்கு 20 நிமிசம் வெச்சா வாரத்துக்கு 5 மணி நேரம். அதுதான் நீ விக்கற பொருள், விலைய அந்த 5 மணி நேரத்துல இருந்து போடு, எத்தன வீடியோங்கறதுல இருந்து போடாத. 60 பேர சேத்தா 20 மணி நேரம் ஆகும், நாலாவது வாரத்துல எல்லாருக்கும் சூப்பர், அருமைன்னு எழுத ஆரம்பிச்சிடுவ, நான் செஞ்சிருக்கேன், அது திருட்டு. திருத்தறத போன்ல பதிவு பண்ணிக்கோ, டிரேசிங் பேப்பர் மாதிரி படத்துமேலயே கோடு போட்டுக்கிட்டே பேசு, பேட்ச்ல இருக்கற எல்லாரும் பாக்கட்டும். அடுத்தவன் தப்ப பாக்கும்போதுதான் நம்ம தப்பு நமக்கு தெரியும், நம்மளத நாம எங்க பாக்கறோம்.

அந்த 40 வீடியோ பிளான தூக்கி ஓரமா வை. காசு வாங்கி ஆள சேத்துட்டு, முதல் வாரப் பாடத்த மட்டும் தயார் பண்ணி ஆரம்பி. ரெண்டு பேட்ச் போகும்போது கவனிச்சா 30 பேரும் செய்யறது அஞ்சாறு தப்புதான், அதுவே திரும்பத் திரும்ப வரும். ஒரே திருத்தத்த பத்தாவது தடவ எழுதும்போது உனக்கு அலுப்பு வரும்ல, அன்னிக்கு போனை ஸ்டாண்ட்ல மாட்டி அத வீடியோவா எடு. அலுத்துப் போய் எடுக்கற வீடியோ எட்டு நிமிசம்தான் இருக்கும், ஆனா எவனும் பாதில போகமாட்டான், அது அவனோட தப்ப பத்தினது. அப்படி சேர்ற வீடியோவ தனியா வித்துக்கோ, தூங்கும்போது காசு வரட்டும், அதுக்கு நான் குறுக்க நிக்கல. நீயா உக்காந்து நெனச்சு எழுதின அந்த 40 தலைப்புல எத்தன மிஞ்சுதுன்னு அப்புறம் எனக்கு எழுது.

ஆளுங்க எங்க கிடைப்பாங்கன்னா, உன் ஆயிரம் பேர்ல யாராவது ஒருத்தர் ஒரு படத்த அனுப்ப சொல்லி, அவங்க சம்மதத்தோட அத திருத்திக் காட்டு, வாரம் ஒண்ணு. விளம்பரம் அதுக்கு மேல எனக்குத் தெரியாது.

உன் படம் பாத்தேன். தண்ணிய நல்லா விட்டிருக்க, தூரத்து மரங்கள அப்படியே கரைய விட்டதுக்கு தைரியம் வேணும். ஆனா படகோட இடது பக்கம்தான் வெளிச்சமா இருக்கு, நிழலும் இடது பக்கமே விழுது. அந்த இடத்துல நீ பாக்கல, நெனச்சு போட்டுட்ட. இன்னொரு தாள்ல படகு மட்டும் திரும்ப வரைஞ்சு அனுப்பு.

அன்புடன்,
அக்கா